கிராபிக்ஸ் கார்டு கொதிக்குதா? கூலரை மாற்றும் முன் இதைப் படிங்க!

கேம் ஆரம்பித்துப் பத்தே நிமிடம். சி.பி.யு. கேபினெட்டுக்குள் மிக்ஸி ஓடுவது போல சத்தம். படம் விட்டு விட்டு நகர்கிறது. காரணம், பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் சூடு. சூடு எல்லை தாண்டினால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

2013 அக்டோபரில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ஆர்9 290எக்ஸ் கார்டு இதற்கு நல்ல உதாரணம். 95 டிகிரி வரை சூடாவது இயல்புதான் என்றது நிறுவனம். ஆனால், சூட்டையும் சத்தத்தையும் பொறுக்க முடியாத பலர், 3 ஃபேன்கள் கொண்ட ஆர்க்டிக் அக்செலெரோ எக்ஸ்ட்ரீம் 3 போன்ற கூலர்களை வாங்கி மாட்டினார்கள். சூடும் குறைந்தது, சத்தமும் அடங்கியது.

முதலில் செலவில்லாத வழி

உடனே கூலர் ஆர்டர் போட வேண்டாம். ஃபேனிலும் அலுமினியத் தகடுகளிலும் படிந்த தூசியைச் சுத்தம் செய்யுங்கள். பழைய கார்டு என்றால், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே பல நேரங்களில் பிரச்னை தீர்ந்துவிடும்.

வாங்கும் முன் 3 கேள்விகள்

* உங்கள் கார்டு மாடலுக்கு அந்தக் கூலர் பொருந்துமா? திருகுத் துளைகளின் இடைவெளி கார்டுக்குக் கார்டு மாறும்.
* கேபினெட்டில் இடம் இருக்கிறதா? பெரிய கூலர்கள் 3 ஸ்லாட் அகலம் வரை அடைக்கும்.
* வாரன்டி பாக்கி இருக்கிறதா? திருகு மேல் ஸ்டிக்கர் சீல் இருந்தால், பிரிக்கும் முன் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

மாட்டுவது எப்படி?

பவர் வயரைக் கழற்றுங்கள். கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்குங்கள். கார்டின் பவர் கேபிள், பின்பக்கத் திருகு, ஸ்லாட் கிளிப் ஆகியவற்றை விடுவித்த பிறகே கார்டை வெளியே எடுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

பழைய கூலரைக் கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். உள்ளே சின்ன ஃபேன் வயர் இருக்கும். சிப் மேலுள்ள பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, புது பேஸ்ட்டைக் கொஞ்சமாக வையுங்கள். திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் சிப்பின் ஓரம் உடையலாம். அதோடு கார்டு காலி!

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்

பெரிய சிப்பை மட்டும் குளிர்வித்தால் போதாது. சுற்றியுள்ள மெமரி சிப்களும், மின்சாரத்தைச் சீராக்கும் வி.ஆர்.எம். பாகங்களும் கொதிக்கும். அவற்றுக்கென வரும் குட்டி ஹீட்சிங்க்குகளை ஒட்டாமல் விடாதீர்கள். சில கூலர்களோடு தெர்மல் பசை வரும். அது காய்ந்துவிட்டால் பிரிப்பது கஷ்டம். இழுத்தால் சிப்பும் கூடவே பெயர்ந்து வரலாம். பழைய கூலரை மறுபடி மாட்டும் வாய்ப்பும் போய்விடும். எனவே, பசைக்குப் பதில் தெர்மல் பேட் வரும் மாடல் கிடைத்தால் அதுவே பாதுகாப்பு.

மாட்டி முடித்ததும் நேராக கேமுக்குள் போகாதீர்கள். ஃபேன் சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஜி.பி.யு.-இசட் போன்ற இலவச மென்பொருளில் அரை மணி நேரம் வெப்பநிலையைக் கவனியுங்கள். கூலரின் எடையில் கார்டு தொங்கினால் அடியில் ஒரு தாங்கி வையுங்கள்.

கை நடுங்குகிறதா? தயங்காமல் சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். கூலியை மிச்சம் பிடிக்கப் போய், கார்டையே இழக்க வேண்டாமே!