புழுவை வீசி எறியாதீர்கள்!

“ஐயா, அப்பா கால் புண்ணுல புழு வச்சிருச்சு. வெளியில சொல்லவே கூச்சமா இருக்கு...”

பல வருடங்களுக்கு முன் ஒரு மகன், குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் இப்படிச் சொன்னார். தகப்பனாருக்கு நெடுநாள் சர்க்கரை நோய். கால்விரல் இடுக்கில் ஆறாத புண். கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து மூன்று நாளாக வீட்டிலேயே போட்டிருக்கிறார்கள். மேலே நெளிந்த புழுக்களை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். புண்ணைக் கழுவிக் கட்டி, “ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்று அனுப்பிவிட்டேன். அதற்குள் வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். புழுக்கள் ஆழமாகக் குடைந்து போயிருந்தன. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

தப்பு என்னுடையதுதான். எனக்குத் தேவையான தகவல் அந்தக் குப்பைக் கூடையில் கிடந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை.

‘புழுன்னா புழுதானே, அதுல என்ன வித்தியாசம்?’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. உயிரை வாங்குகிற வித்தியாசம்!

பச்சையாக மினுமினுக்கும் ஈயைப் பார்த்திருப்பீர்கள். ‘லூசிலியா செரிகேட்டா’ என்பது அதில் ஒரு வகை. இதன் புழு பெரும்பாலும் அழுகிய சதையைத்தான் தின்னும். ஆய்வுக்கூடத்தில் சுத்தமாக வளர்த்த இந்தப் புழுக்களைக் கொண்டே ஆறாத புண்களைச் சுத்தம் செய்ய 2004-ல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். (அதற்காக வீட்டில் யாரும் முயற்சி செய்துவிடாதீர்கள்!)

நீலப்பச்சையாக இன்னொரு ஈ இருக்கிறது. ‘கிரைசோமியா பெசியானா’ என்று பெயர். நம் நாட்டிலும் உண்டு. இது தேடி வருவது உயிருள்ள சதையை மட்டுமே. புண்ணின் விளிம்பில் ஒரே தடவையில் 150, 200 முட்டைகள் வைக்கும். ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். புழு தலையைச் சதைக்குள் புதைத்து, வாலை வெளியே நீட்டி, வால் வழியாக மூச்சு விடும். ஐந்தாறு நாள் இப்படியே தின்று கொழுத்துக் கீழே விழும். மாட்டுக் காயத்தில் வருவதும், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவர்களின் மூக்கிலும் வாயிலும் வருவதும் பல சமயம் இதுதான்.

எப்படி அடையாளம் காண்பது?

முற்றிய புழுவை ஒரு சாதாரண ‘லென்ஸ்’ வைத்துப் பாருங்கள். உடம்பைச் சுற்றி வரிசை வரிசையாக முள்வளையங்கள், திருகாணியின் மரை போலத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். ‘மைக்ராஸ்கோப்’ வைத்தால் வால் பக்கத்து மூச்சுத்துளைகள் தெரியும். பெசியானாவுக்கு மூன்று நேர்க்கீற்றுகள், சுற்றிலும் முழுதாக மூடாத வளையம். பச்சை ஈயின் புழுவுக்கு அந்த வளையம் மூடியிருக்கும். வீட்டு ஈயின் புழுவுக்குக் கீற்றுகள் வளைந்து நெளிந்திருக்கும். வளர்ந்த ஈயிலும் அடையாளம் உண்டு. மீன் கடையில் மொய்க்கும் அதன் சொந்தக்கார ஈ ஒன்றும் அச்சாக இதைப் போலவே இருக்கும். ஆனால் இறக்கையடியில் உள்ள சின்னச் செதில் பெசியானாவுக்கு வெள்ளை, மீன்கடை ஈக்குப் பழுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்!

இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்த டாக்டர் பேட்டன், பூச்சிகளும் நோய்களும் பற்றிய பெரிய பாடநூலை கிராக் என்பவரோடு சேர்ந்து 1913-ல் எழுதினார். அதே பேட்டன் பிறகு இங்கிலாந்து போய், 1933-ல் குஷிங் என்பவரோடு சேர்ந்து ஓர் உண்மையை நிலைநாட்டினார். அமெரிக்காவில் கால்நடைகளைத் தின்ற புழுவும், செத்த பிராணிகளில் வளரும் புழுவும் வேறு வேறு ஈக்களுடையவை என்பதுதான் அது. அதுவரை இரண்டையும் ஒன்றாகவே குழப்பிக்கொண்டிருந்தார்கள். எதிரி யார் என்று தெரிந்தபின்தான், மலடாக்கிய ஆண் ஈக்களைப் பறக்கவிட்டு 1954-ல் குராசோ தீவிலும், பிறகு அமெரிக்காவிலும் அதை ஒழிக்க முடிந்தது. 2023 முதல் அந்த ஈ மத்திய அமெரிக்காவில் மறுபடி பரவி, 2024-ல் மெக்சிகோவுக்கும் வந்துவிட்டது. கவனம் குறைந்தால் திரும்பி வரும் சாமான் அது!

வீட்டில் என்ன செய்யலாம்? மண்ணெண்ணெய், பெட்ரோல், பினாயில் வேண்டவே வேண்டாம். புண்தான் வெந்து போகும். சீழ் வடியும் காதில் நீங்களாக எதையும் ஊற்றாதீர்கள். விழுந்த புழுக்களில் நாலைந்தைக் கொதிக்கிற வெந்நீரில் சில விநாடி போட்டெடுத்து, ‘ஸ்பிரிட்’ ஊற்றிய சின்னப் பாட்டிலில் போடுங்கள். அன்றைக்கே நோயாளியையும் பாட்டிலையும் சேர்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சர்க்கரை நோயாளி என்றால் தினமும் காலைப் பாருங்கள். புண்ணை மூடி வையுங்கள். ஈக்கு இடமே கொடுக்காதீர்கள்.

என் சக வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்த்து நோயறிகிற பரம்பரை நம்முடையது. புண்ணில் புழு வந்தால் மட்டும் ‘கிருமி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோமே, நியாயமா? மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு லென்ஸ் இருக்கட்டும். நமக்கு மிஞ்சியது என்று தெரிந்தால் கௌரவம் பார்க்காமல் அனுப்பி வைப்போம்.

புழு வைப்பது பாவமோ, குடும்பத்துக்கு அவமானமோ இல்லை. அது ஒரு ஈயின் வேலை. கூச்சப்பட்டு மறைத்த அந்த மூன்று நாளும், அலட்சியமாக நான் அனுப்பிய இரண்டு நாளும்தான் அந்தப் பெரியவரின் விரல்களைக் கொண்டுபோயின.