பின்கட்டுக்குக் குடிவருவோர்



ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முகப்பில் நிற்கும்போது பங்கு மக்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் மகனின் படிப்பு, மகளின் திருமணம், வீட்டில் நோயுற்றோர் ஆகியவற்றைப் பற்றியே இருக்கும். அண்மைக் காலமாக அவற்றோடு ஒரு புதிய கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "சாமி, வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடக்கிறது. ஓர் அறையும் சமையற்கட்டும் போட்டு வாடகைக்கு விடலாமா?" என்பதே அது.

நம் கள்ளக்குறிச்சியில் இக்கேள்வி எழுவதில் வியப்பு ஒன்றும் இல்லை. 2019 நவம்பர் மாதத்தில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து நம் ஊர் தனி மாவட்டத்தின் தலைநகரமாயிற்று. 2022 சனவரி 12 அன்று சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அலுவலர்களும் செவிலியரும் மாணவரும் வந்துகொண்டே இருக்கின்றனர். கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் படிப்புக்கும் பிழைப்புக்கும் மருத்துவத்துக்கும் இறங்கி வருவோரும் பலர். இவர்கள் எல்லாருக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். நம் வீடுகளிலோ, பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட பின், முன்கட்டில் இரண்டு முதியோரும் பின்கட்டில் உடைந்த கட்டிலும் தட்டுமுட்டுச் சாமான்களுமே எஞ்சியிருக்கின்றன.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வியை என்னிடம் முதன்முதலில் கேட்டவர் ஒரு கைம்பெண். கணவர் விட்டுச்சென்ற வீடு இருந்தது. மாத வருவாய் இல்லை. மகன் அனுப்பும் பணத்துக்குத் தேதியும் இல்லை, தொகையும் இல்லை. "மருமகளிடம் கையேந்தாமல் மாத்திரை வாங்க வேண்டும் சாமி, அவ்வளவுதான்" என்றார். பழைய மாட்டுக்கொட்டிலை இடித்து, ஓர் அறை, சமையற்கட்டு, குளியலறை கட்ட எண்ணியிருந்தார். நல்ல எண்ணமே என்றேன். சொந்த உழைப்பிலும் சொந்த உடைமையிலும் வாழ விரும்புவதில் தவறு என்ன?

ஆனால் கணக்குப் போடாமல் செங்கல் வாங்கலாகாது. எடுத்துக்காட்டாக, கட்டுவதற்கு 4 இலட்சம் ரூபாய் ஆகிறது, மாத வாடகை 4,000 ரூபாய் வருகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 48,000. இரண்டு மாதம் ஆளின்றிப் பூட்டியிருந்தால் மிஞ்சுவது 40,000. பழுதுபார்ப்பதைக் கணக்கில் எடுக்காமலே, போட்ட பணம் திரும்பிவரப் பத்து ஆண்டுகள் ஆகும். கைப்பணத்தில் கட்டுவோருக்கு இது தாங்கும். அதே 4 இலட்சத்தை நூற்றுக்கு இரண்டு ரூபாய் மாத வட்டிக்கு வாங்கினால், வட்டி மட்டும் மாதம் 8,000. வாடகை நாலாயிரம், வட்டி எட்டாயிரம்! வீட்டை வாடகைக்கு விடப்போய் வீட்டையே விற்றவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆகவே கடன் வாங்கிக் கட்டுவோர், வங்கியில் விசாரித்து, வட்டியை வாடகையோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அடிக்கல் நாட்டுக. கட்டட அனுமதி, கூடுதல் சொத்துவரி ஆகியவற்றையும் நகராட்சியில் முன்கூட்டியே கேட்டறிக. வாடகை வருவாயை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்து, சட்டம். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், குடிவந்தவரை வெளியேற்ற ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டும் என்று அஞ்சி வீட்டைப் பூட்டியே வைத்திருந்தவர் உண்டு. அதற்கு மாற்றாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும், வாய்ப்பேச்சு போதாது. துணை ஆட்சியர் நிலையில் உள்ள வாடகை அதிகாரியிடம் அதனைப் பதிவு செய்தல் வேண்டும். வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. எத்தகைய பிணக்கு நேர்ந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திக் குடியிருப்போரைத் துன்புறுத்த உரிமையாளருக்கு உரிமை இல்லை. "நமக்குள் எதற்குச் சாமி பத்திரம்?" என்று கேட்போரும் உளர். நமக்குள் என்பதால்தான் பத்திரம் வேண்டும். எழுதி வைத்த இரண்டு தாள், பின்னாளில் இரண்டு குடும்பங்களின் நட்பைக் காப்பாற்றும்.

இதுவரை சொன்னவை எந்த வழக்கறிஞரும் சொல்லக்கூடியவை. இனிச் சொல்லப்போவது, நான் வெட்கத்தோடு கற்றுக்கொண்டது.

அந்த அம்மாளின் பின்கட்டு ஆறு மாதத்தில் எழுந்து நின்றது. பிறகு ஒருநாள் மாலை மீண்டும் வந்தார். "யாருக்குச் சாமி கொடுப்பது? மலையிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து கேட்டார்கள். அவர் அரிசி ஆலையில் வேலை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. கைக்குழந்தை ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டார் வேண்டாம் என்கிறார்கள்" என்றார். அவசரமாக ஓர் அடக்கச் சடங்குக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நான், "தெரிந்த இடமாகப் பார்த்துக் கொடுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

தெரிந்த இடம்! கேட்பதற்கு எவ்வளவு விவேகமான சொல்! அச்சொல்லுக்கு நம் ஊரில் என்ன பொருள் என்பது அந்த அம்மாளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பத்து நாள் கழித்து அந்த இளைஞர் என் இல்லத்து வாசலில் நின்றார். கிறிஸ்தவர் அல்லர். வீடு கேட்டு அலைந்ததில் பதினொரு வாசல் ஏறி இறங்கியதாகச் சொன்னார். எல்லா வாசலிலும் இரண்டே கேள்விகள்: "எந்த ஊர்? என்ன ஆளுங்க?" கல்வராயன் மலை என்றதும், இப்போதுதான் வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்களாம். "அந்தப் பாட்டிம்மா நல்லவங்க. சாமியாரைக் கேட்டுட்டுச் சொல்றேன்னாங்க. அப்புறம் இல்லைன்னுட்டாங்க. நீங்க என்ன சொன்னீங்க சாமி?" என்று கேட்டார். அவர் குரலில் சினம் இல்லை. அறிந்துகொள்ளும் விருப்பம் மட்டுமே இருந்தது. எனக்கோ மறுமொழி வாயில் எழவில்லை. பிறரது பாவ அறிக்கையைக் கேட்டே பழகிய நான், அன்று ஒரு மலைவாழ் இளைஞரின் முன் குற்றவாளியாய் நின்றேன்.

அன்பர்களே, இம்மக்கள் யார்? கல்வராயன் மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர். கேரளத்தவர் அல்லர், மலையை ஆளுவோர் என்பதே அப்பெயரின் பொருள் என்பர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்ளும் தமிழர். அவர்களுடைய மலைநிலங்கள் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தன. அதன் பிறகே அரசின் நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்தன. நாம் பட்டாவும் பத்திரமும் வைத்துக்கொண்டு வாழ்ந்த காலத்தில் அவர்களுக்கு அவை இல்லை. இன்று அவர்கள் பிள்ளைகள் படிக்கவும் உழைக்கவும் கீழே வரும்போது, "தெரிந்த இடம் இல்லை" என்று நாமே கதவைச் சாத்தினால், அவர்கள் எப்போதுதான் நமக்குத் தெரிந்தவர்கள் ஆவது?

மறுநாளே அந்த அம்மாள் வீட்டுக்குப் போனேன். "நான் சொன்னது தவறு அம்மா" என்றேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "நீங்கள் வேறு மாதிரி சொல்லியிருந்தாலும் நான் பயந்திருப்பேன் சாமி. பக்கத்து வீட்டார் பேசுவார்களே" என்றார். அச்சம் இயல்புதான்; அதனைக் குறை கூறேன். தனியே வாழும் முதியவர், குடிவருவோரின் அடையாளச் சான்றைக் கேட்கலாம். வேலை செய்யும் இடத்தில் விசாரிக்கலாம். எத்தனை பேர் தங்குவார்கள் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். ஒருவரின் நடத்தையை விசாரிப்பது முன்மதி. பிறப்பை விசாரிப்பது முன்மதி அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே நம் ஊரின் நோய்.

அக்குடும்பம் அம்மாத இறுதியில் குடிவந்தது. உடனே எல்லாம் இனிதாய் முடிந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். விடியற்காலை ஆலைக்குப் போகும் ஓசை அம்மாளின் உறக்கத்தைக் கெடுத்தது. மருத்துவமனைக்கு வந்த மலை உறவினர் திண்ணையில் மூன்று நாள் தங்கினர், முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் பெரிய தவறு வேறு பக்கத்திலிருந்து வந்தது. பின்கட்டுக்குத் தனி மீட்டர் இல்லை. அக்கம்பக்கத்தார் சொன்ன வழக்கப்படி, ஓர் அலகுக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்து அம்மாள் மின்கட்டணம் வாங்கி வந்தார். வீட்டு மின் இணைப்புக்கு முதல் 100 அலகு இலவசம் என்று 2016-ல் அரசு அறிவித்தது. அச்சலுகை முன்கட்டோடு நின்றுவிட, ஒரு மின்விசிறியும் இரண்டு விளக்கும் உள்ள பின்கட்டு முழு விலை கொடுத்துக்கொண்டிருந்தது. இதை அறிந்ததும் அந்த அம்மாள் கலங்கிப்போனார். தனி இணைப்புக்கு எழுதிக் கொடுத்தார். அதிகமாய் வாங்கியதை வாடகையில் கழித்துக்கொண்டார். நம்மில் எத்தனை பேர் அறிந்தே இதைச் செய்கிறோம்? வாடகை நியாயமான வருவாய். மின்சாரத்தில் எடுக்கும் இலாபம் நியாயம் அன்று.

வாசல் ஏறி இறங்கும் இந்த அனுபவம் மலைமக்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகளாய்க் கனடா சேர்ந்த நம் தமிழ் மக்களில் பலர், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பிறர் வீட்டின் நிலவறையிலே, அவர்கள் மொழியில் 'பேஸ்மென்ட்'டிலே, புதுவாழ்வு தொடங்கினர். பின்னாளில் சொந்த வீடு வாங்கியவர், தம் நிலவறையைப் புதிதாய் வந்தவருக்கு விட்டு, அவ்வாடகையால் வீட்டுக்கடனைக் கட்டினர். உரிமையாளருக்கும் பயன், வந்தவருக்கும் புகலிடம். அங்கும் அனுமதியற்ற அறைகள் உண்டு. சாளரம் இல்லாத, தீப்பிடித்தால் தப்ப வழியில்லாத அறைகள். ஆகவே 2011-ல் ஒன்டாரியோ மாகாணம், ஒரே வீட்டில் இரண்டாம் குடியிருப்புக்கு நகராட்சிகள் இடந்தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. வெளிச்சத்துக்கு வந்தால்தான் அறையைச் சோதிக்க முடியும், பாதுகாப்பாக்க முடியும். நாமும் கற்க வேண்டிய பாடம் இது. பின்கட்டுக்குத் தனி வாயில், காற்று வரும் சாளரம், தனிக் கழிப்பறை, இரு குடும்பத்தைத் தாங்கும் கழிவுநீர்த் தொட்டி ஆகியவை சலுகைகள் அல்ல. வாங்கும் வாடகைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.

அரசர்கள் இரண்டாம் நூலில் வரும் சூனேம் ஊர்ப் பெண்மணியை நினைத்துப் பாருங்கள். அவ்வழியே அடிக்கடி போகும் இறைவாக்கினர் எலிசாவுக்காகக் கணவனிடம் சொல்லி மேல்மாடியில் ஒரு சிற்றறை கட்டுவித்தாள். அதில் கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு ஆகியவற்றை வைத்தாள். அவள் வாடகை கேட்டவள் அல்லள். அவ்வளவு பெருந்தன்மை நம் எல்லாருக்கும் இயலாது. இயல வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் இல்லை. ஆனால் அறை கட்டுமுன் அவள் எண்ணிப் பார்த்தது ஒன்று உண்டு: உள்ளே வருகிறவருக்கு என்ன தேவை? வாடகை வாங்கும் நாமும் அக்கேள்வியைக் கேட்கலாம் அல்லவா?

இரண்டாண்டுக்குப் பின் அக்குடும்பம் வெள்ளிமலைப் பக்கம் வேலை கிடைத்துத் திரும்பிச் சென்றது. முன்பணத்தை அம்மாள் எண்ணிக் கொடுத்தபோது, சுவரில் ஆணி அடித்ததற்காக நூறு ரூபாய் பிடித்துக்கொள்ளுமாறு அந்த இளைஞர் சொன்னாராம், அம்மாள் வாங்கவில்லை. கடந்த மாதம் அவர் என்னைக் கண்டு, "பின்கட்டு மறுபடியும் காலி சாமி. யாராவது வந்து கேட்டால் அனுப்புங்கள்" என்றார். எந்த ஊராராய் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் பின்கட்டும் காலியாய் இருக்கலாம். வாசலில் வந்து நிற்பவரிடம் நீங்கள் கேட்கப்போகும் முதற்கேள்வி எதுவாய் இருக்கும்? இத்திங்களில் குடும்பமாய் அமர்ந்து எண்ணிப் பாருங்கள்.