பாலிசியில் யார் பெயர்?

வணிகப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு கடை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனதும், பீரோவில் இருக்கும் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, நாமினி யார் என்று பாருங்கள். சரக்கு நிறுத்துக்கொண்டே, ஏஜென்ட் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டவர்கள்தானே நாம்! கல்யாணத்துக்கு முன் எடுத்ததில் தாயார் பெயர் இருக்கும். கூட்டாகக் கடை நடத்திய நாளில் எடுத்ததில் அண்ணன் பெயர். பிறகு மனைவி மக்கள் வந்தார்கள், அண்ணன் தனிக்கடை போட்டார். பத்திரம் மட்டும் அப்படியே கிடக்கிறது.

நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவரே என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் தீர்ப்பளித்தது. அண்ணன் பெயர் இருந்தால் இன்றும் அதே நிலைதான். பெற்றோர், மனைவி, மக்கள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்று 2015-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது. அதன் பிறகும் வாரிசுகள் வழக்குக்குப் போகத்தான் செய்கிறார்கள். பெயரை மாற்ற ஒரு படிவம் போதும். நாமினி 18 வயது நிரம்பாத பிள்ளையானால், பணத்தைப் பெற்றுக்கொள்ளப் பெரியவர் ஒருவர் பெயரையும் எழுத வேண்டும்.

வணிகருக்கு இதைவிடப் பெரிய கவலை கடன். மண்டிப் பாக்கி, வங்கிக் கடன் இல்லாத கடை ஏது? நாம் கண்மூடினால் பதினாறாம் நாள் முடிவதற்குள் சிட்டையோடு ஆள் வரும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நாமாக இருந்தாலும் போவோம். ஆனால் காப்பீட்டுப் பணமும் அந்தக் கணக்கில் போய்விட்டால் பிள்ளைகள் கதி?

1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 6-ஆவது பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. மனைவி, மக்கள் நலனுக்கென்றே அதன்கீழ் எடுத்த பாலிசியில், கடன்காரரை ஏமாற்ற எடுத்ததாக இருந்தாலொழிய, யாரும் கைவைக்க முடியாது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தப் பாதுகாப்பு முதலில் கிடைத்தது நம் சென்னையில்தான். 1913 டிசம்பர் 31-க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கு. மற்ற பகுதிகளுக்கு 1923-இல்தான். இருந்தும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிறகு அந்தப் பாலிசியை வைத்து நாம் கடன் வாங்க முடியாது, நம் விருப்பத்துக்குப் பெயரை மாற்றவும் முடியாது. சிலருக்கு இது கசக்கும். தீபாவளிச் சரக்குக்குக் கை நீளாத பணம் வீட்டில் ஒன்றாவது இருக்கட்டும் என்பதே நம் கருத்து. பழைய பாலிசியை இதற்கு மாற்ற இயலாது. அடுத்த பாலிசி எடுக்கும்போது, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதற்கான தனிப் படிவத்தை ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்குங்கள்.