கொல்லையில் காக்க வேண்டிய வித்து

வேலூர்க்குத் தெற்கே சவ்வாது மலையடியில் உள்ள அமிர்தி, தோல் ஆலைக் கழிவு எட்டாத மேட்டு நிலம். பாலாற்றங்கரையின் நிலையோ வேறு. அவ்வாலைகளால் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பாழ்பட்டதென, வேளாண் பல்கலைக்கழக ஆய்வைச் சுட்டி 1996-இல் உச்ச நயன்மன்றமே தன் தீர்ப்பில் உரைத்தது. நிலத்தோடு வழிவழி வித்தையும் இழந்தான் தமிழுழவன்.

ஆகலின் வீட்டுத் தோட்டத்தைப் பொழுதுபோக்கென ஒதுக்க நாம் ஒருப்படோம். அணைக்கட்டு வட்டத்து இலவம்பாடியில் விளையும் முள் கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது, மகிழ்ச்சியே. ஆயின் அதன் வித்து எத்தனை வீட்டில் உளது? கடையிற் பெறும் கலப்பு வித்தின் காயினின்று எடுத்து விதைத்தால், மறு தலைமுறை தாயை ஒவ்வாது. ஆண்டுதோறும் காசு கொடுத்தே வாங்கல் வேண்டும். நாட்டுக் கத்தரிக்கு அவ்விடர் இல்லை. நல்ல செடியொன்றில் ஒரு காயைப் பறியாது விடுக. மஞ்சளாய்ப் பழுத்தபின் வித்தைக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாம்பலொடு கலந்து வைக்க. (அவ்வொரு காயைக் குழம்பினின்று காப்பதே பெரும்பாடு!)

ஆம்பூர், வாணியம்பாடி அன்பர்களே! கிணற்று நீரை ஆய்ந்தறியாமல் கீரைக்கு இறைக்காதீர். குரோமியம் கண்ணுக்குத் தெரியாது. கூரை மழைநீரைத் தேக்கித் தொட்டியில் வளர்ப்பீர். அமிர்திப் பக்கத்து உறவினரிடம் நாட்டு அவரை, சுரை, பீர்க்கு வித்துகளில் ஒவ்வொரு பிடி கேளுங்கள். ஆடிப் பட்டத்திற்குள் அவை உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.