வாசகத்தில் விடுபட்ட நிலம்

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, பொதுக்காலத்தின் 33ஆம் ஞாயிறு திருப்பலியில், நீதிமொழிகள் நூலின் 31ஆம் அதிகாரம் முதல் வாசகமாக வருகிறது. திறமை மிக்க அந்த இல்லத்தலைவி இராட்டை பிடித்து நூல் நூற்கிறாள். எளியவருக்குக் கை கொடுக்கிறாள். கேட்கும்போது எங்கள் அன்னையரின் முகமே நினைவுக்கு வரும். மறைக்கல்வி வகுப்புக்காக அதிகாரம் முழுவதையும் படித்தபோதுதான், வாசகத்தில் சில வசனங்கள் விடப்பட்டிருப்பதைக் கண்டோம். அவற்றில்தான் அவள் தானே ஆராய்ந்து ஒரு நிலம் வாங்குகிறாள். தன் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். நெய்ததை வணிகரிடம் விற்கிறாள். நேரம் கருதிச் சுருக்கியிருப்பார்கள். எவர்மீதும் எங்களுக்குக் குறையில்லை. ஆயினும் நூற்ற கை நிலைத்து, நிலம் வாங்கிய கை மறைந்துவிட்டதே!

நம் நாட்டிலும் நூற்கும் கைகளுக்குக் குறைவில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களுள் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நடந்ததையும் நாம் அறிய வேண்டும். எங்கள் வயதுப் பெண்கள் ஆலை விடுதியில் தங்கி 3 ஆண்டுகள் உழைத்தார்கள். கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, முடிவில் 30,000, 50,000 ரூபாய் என மொத்தமாகத் தருவதாக ஏற்பாடு. நோயுற்று இடையில் நின்றவள் பலவேளை அத்தொகையை இழந்தாள். பெற்றவளுக்கோ அது வரதட்சணையாயிற்று. 1961லேயே சட்டம் தடைசெய்த அதே வரதட்சணை! முதலாளிக்கு மலிவான உழைப்பு, மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொக்கம். நூற்றவளுக்கு என்ன?

நாம் மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆகப்போகிறவர்கள், ஆலைப் பெண்ணின் கதை நமக்கெதற்கு என்று தோழியர் சிலர் எண்ணலாம். எங்களில் ஒருத்தியின் அக்கா மென்பொருள் நிறுவனத்தில் நல்ல சம்பளம் வாங்குகிறார். ஏ.டி.எம். அட்டை மட்டும் அத்தானின் சட்டைப்பையில் இருக்கிறது. அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டுமானாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். சந்தை பெண்ணை வேலைக்கு அழைப்பது அவள் விடுதலைக்காக அன்று, அவள் உழைப்புக்காகவே. சம்பளம் வந்தால் சுதந்திரமும் தானே வந்துவிடும் என்று நம்புவது பேதைமை.

திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயில் இல்லாது இறந்த கிறிஸ்தவத் தந்தையின் சொத்தில் மகளுக்கு, மகன் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதுவே. கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் தம் சகோதரர்மீதே வழக்குத் தொடுத்து, 1986இல் உச்ச நீதிமன்றத்தில் சம உரிமை பெற்றார். அவரைப் பேராசைக்காரி என்பீர்களா? ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த நம் அருட்சகோதரிகள்தாம் இப்பள்ளியின் கணக்கேட்டைப் பைசா பிசகாமல் பார்க்கிறார்கள்!

பெற்றோரிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எங்களுக்காக நகைச்சீட்டுக் கட்டும் பணத்தில் பாதியையாவது எங்கள் பெயரில் வங்கியில் போடுங்கள். போகும்போது எங்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். படிவத்தை நாங்களே நிரப்பிக்கொள்கிறோம்.