மானியம் பளியருக்கு, தண்ணீர் ஏலக்காரருக்கா?

“மலைவாழ் மக்களுக்கு மீன் வளர்க்க நூற்றுக்கு அறுபது மானியம் வைத்திருக்கிறோம். மனுப் போடத்தான் ஆள் வரவில்லை!”

சர்க்கார் ஆபீசுகளில் இப்படி ஒரு பேச்சு அடிபடுகிறது. நம் காதிலேயே விழுந்தது. சொன்ன குமாஸ்தா மீது நமக்குக் கோபமில்லை; அவர் மேஜைக் காகிதத்தில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. ஆனால் இது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் பேச்சு.

காகிதத்தைப் பிரித்துப் பார்ப்போம். 2020-ல் மத்திய சர்க்கார் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா என்ற பெயரில் ரூ.20,050 கோடித் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதில், ஒரு ஹெக்டேரில், அதாவது இரண்டரை ஏக்கரில், புதுக் குளம் வெட்ட ரூ.7 லட்சம் என்று கணக்கு வைத்தார்கள். பொதுப் பிரிவுக்கு 40 சதம் மானியம். தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் பழங்குடி மக்களுக்கும் பெண்களுக்கும் 60 சதம். ஆக, ரூ.4 லட்சத்து 20 ஆயிரம் சர்க்கார் தரும். கேட்க இனிக்கிறது! பாக்கி 2 லட்சத்து 80 ஆயிரத்தை யார் தருவது? மானியமாவது முன்பணமாக வருமா? வராது. வேலை நடக்க வேண்டும், அதிகாரி வந்து பார்க்க வேண்டும், அப்புறம்தான் பணம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு நிபந்தனை: நிலம் சொந்தமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பதிவு செய்த நீண்டகாலக் குத்தகைப் பத்திரம் வேண்டும்.

சிறுமலையிலும் கீழ்ப்பழநி மலைச் சரிவுகளிலும் இருக்கும் பளியரிடம் போய் இந்தப் பத்திரத்தைக் கேளுங்கள். தேனும் கிழங்கும் எடுத்து, தோட்டங்களில் கூலிக்குப் போய் வயிறு கழுவுகிறவர்கள் அவர்கள். அவர்கள் மலையில் பெய்யும் மழைதான் ஓடையாக இறங்கி மருதாநதி அணையிலும் ஆத்தூர் காமராஜர் அணையிலும் தேங்குகிறது. திண்டுக்கல் நகரம் குடிக்கிறது, வயல் குடிக்கிறது. அந்தத் தண்ணீரில் ஒரு மீனுக்கு அவர்களுக்குப் பாத்தியதை உண்டா?

அவர்களை விடுங்கள். சமவெளியில் நம் கதை என்ன? கண்மாயில் மீன்பாசி ஏலம் வருகிறது. டெபாசிட் கட்ட வக்குள்ளவன் எடுக்கிறான். கட்லாவும் ரோகுவும் குஞ்சு விடுகிறான், காவல் போடுகிறான். கண்மாயைத் தூர்வாரிய விவசாயத் தொழிலாளி ஒரு கெளுத்திக்கு இறங்கினால் திருட்டுப் பட்டம்! தண்ணீர் வற்றிய பிறகு ஒரு நாள் மீன்பிடித் திருவிழா என்று ஊத்தாவோடு நம்மை இறங்க விடுகிறார்கள். திருவிழா நல்லதுதான், நாமும் இறங்கியிருக்கிறோம். மற்ற நாளெல்லாம் மீன் யாருடையது?

ஆகவே, பளியரின் மனு நிற்கும் இடமும் நம் மனு நிற்கும் இடமும் ஒன்றே. மானியத்துக்கு முன்னால் தண்ணீரைக் கேட்க வேண்டும்.

கேட்டுப் பெற்றவர்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் அப்போதைய ஹோஷங்காபாத் ஜில்லாவில் தவா அணை கட்டியபோது 44 கிராமங்கள் முழுகின. கோண்டு, கோர்க்கு மக்கள் நிலமிழந்தார்கள். நிலத்தை விழுங்கிய தண்ணீரில் மீன் பிடிக்கும் உரிமையோ முதலில் சர்க்கார் கார்ப்பரேஷனுக்கும் பிறகு தனியார் காண்டிராக்டருக்கும் போயிற்று. வலை வீசிய ஆதிவாசி திருடனானான். கிசான் ஆதிவாசி சங்கட்டன் போராடியது. (அவர்கள் நம் கட்சிக்காரர்கள் அல்லர், அதற்காக உண்மையைச் சொல்லாமல் விட முடியுமா?) 1996-ல் அந்த மக்களின் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்று சேர்ந்த தவா மத்ஸ்ய சங்கத்துக்கே குத்தகை வந்தது. சில வருஷங்களில் மீன் உற்பத்தி மும்மடங்குக்கும் மேல் ஏறியது. ஆதிவாசிக்கு நிர்வாகம் தெரியாது என்றவர்கள் வாயடைத்தார்கள். ஆனால் 2006-ல் புலிக் காட்டின் பெயரைச் சொல்லிக் குத்தகையைப் புதுப்பிக்காமல் விட்டார்கள். குத்தகை சர்க்காரின் தயவில் இருப்பது. தர மனம் வந்தால் தருவான், இல்லையேல் பிடுங்குவான்.

அதனால்தான் சட்டப்படியான உரிமை வேண்டும். அந்தச் சட்டம் இருக்கிறது. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(டி): வனநிலத்து நீர்நிலைகளின் மீனும் பிற விளைபொருளும் வழிவழியாக அனுபவித்துவரும் சமூகத்தின் உரிமை என்கிறது. தமிழ்நாட்டில் 2008-ல் ஐகோர்ட்டு இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் தருவது முடங்கி, 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை நீக்கிய பிறகே வேலை நடந்தது. எட்டு வருஷம் போயிற்று! அந்த எட்டு வருஷத்துக்கும் சேர்த்துத்தான், “மனுப் போட ஆளில்லை” என்கிறார்களா?

மனுப் போடும் வழி இது. சமூக உரிமைக்கு ‘பி’ படிவம். கொடுக்கும் இடம் கிராம சபையின் வன உரிமைக் குழு. அதில் 10 முதல் 15 பேர். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். இரண்டு சான்று போதும். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதிய வாக்குமூலமும் சான்றே. 75 வருஷக் கணக்கு மற்ற வனவாசிகளுக்குத்தான். பழங்குடிகளிடம் அதைக் கேட்க அதிகாரமில்லை. குழு இடத்தைப் பார்த்து எழுதிய பின் சபை தீர்மானம் போடும். அது கோட்ட அளவுக் குழுவுக்கும், பிறகு கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். தள்ளினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்; 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அணையும் கண்மாயும் வனநிலத்துக்கு வெளியே என்றால் இந்தச் சட்டம் எட்டாது. அங்கே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, ஏலமில்லாமல் குத்தகை கேட்க வேண்டும். தண்ணீர் கைக்கு வந்தபின் மீன்வளத்துறையின் மாவட்ட அலுவலகத்தில், அன்றைக்கு எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று கேட்டு மானிய மனுப் போடுங்கள். 2024 அக்டோபர் 2-ல் தொடங்கிய ‘தர்தி ஆபா’ பழங்குடித் திட்டத்திலும் நாடு முழுவதும் ஒரு லட்சம் பேருக்கும் 10,000 குழுக்களுக்கும் மீன் வளர்ப்பு உதவி என்று அறிவித்திருக்கிறார்கள். ஜாதிச் சான்று கட்டாயம் கேட்பார்கள். பழங்குடிச் சான்று தருவது ஆர்.டி.ஓ.; தாசில்தார் ஆபீசில் நின்று கால் கடுக்க வேண்டாம்.

பஞ்சாலைத் தோழரே! ஷிப்டு முடிந்து வரும் உமக்குப் படிவம் நிரப்பத் தெரியும். மலையில் பலருக்குத் தெரியாது. அவருக்கு ஓடை தெரியும், மீன் ஏறும் மாதம் தெரியும், உமக்குத் தெரியாது. இருவரும் ஒரு பாயில் உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ‘பி’ படிவம் எழுதி முடிந்துவிடும். வயல் தோழர்கள் மே 1 கிராம சபையில் மீன்பாசிக் கணக்கைக் கேளுங்கள்: யார் எடுத்தார், எவ்வளவுக்கு, பணம் எங்கே போயிற்று? பதில் வரும்வரை எழுந்திருக்க வேண்டாம். மலை மனுவைக் கொடுக்கும்போது தேதி போட்டு, கையெழுத்தோடு ரசீது வாங்குங்கள். ரசீது தருவது வன உரிமைக் குழுவின் கடமை.