விடிவிளக்கு வேணும், பூச்சாண்டி வேணாம்

ராத்திரி பதினோரு மணிக்கு ஹாஸ்டல்ல கரண்ட் போனா என்ன நடக்கும்? மொத்த பிளாக்கும் சேர்ந்து ஒரு "ஓ..." போடும். அடுத்த நிமிஷம் எவனாவது ஒருத்தன் போன் டார்ச்சை தாடைக்குக் கீழ பிடிச்சுக்கிட்டு பேய் மாதிரி சிரிப்பான். நமக்கு இருட்டுன்னா ஜாலி. ஆனா நம்ம வீட்டுல இருக்கிற மூணு, நாலு வயசுக் குழந்தைக்கு அது ஜாலி இல்ல நண்பர்களே. அதைப் புரிஞ்சுக்காம நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லிட்டே இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன்.

போன செமஸ்டர் லீவுல அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தா. நாலு வயசு. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிக்கிட்டே இருந்தா. "சாப்பிடலைன்னா உள் ரூம் இருட்டுல இருக்கிற பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்"னு சொன்னேன். ரெண்டே நிமிஷத்துல தட்டு காலி. எனக்கு ஒரே பெருமை.

அன்னிக்கு ராத்திரி பாய் நனைஞ்சுடுச்சு. காலையில வீடே சிரிச்சுது. முதல்ல சிரிச்சது நான்தான். அவ அழல. நனைஞ்ச பாவாடையைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருந்தா. "பாத்ரூம் வருதுன்னு தெரியலையா பாப்பா?"ன்னு கேட்டேன். "தெரிஞ்சுது மாமா. ஆனா அந்த ரூமைத் தாண்டித்தானே போகணும்?"னா.

அதுக்கு மேல எனக்குச் சிரிப்பு வரல.

இப்ப விஷயத்துக்கு வருவோம். குழந்தைகளுக்கு இருட்டுன்னா பயம் வர்றது கோழைத்தனம் இல்ல, வியாதியும் இல்ல. ரெண்டு, மூணு வயசுக்கு மேல கற்பனை வேகமா வளருது. ஆனா கற்பனை எது, நிஜம் எதுன்னு பிரிச்சுப் பார்க்கிற திறமை அதே வேகத்துல வளர்றதில்ல. நமக்குப் பூச்சாண்டி ஒரு வார்த்தை. அவங்களுக்கு அது உள் ரூம்ல குடியிருக்கிற ஒரு ஆள்.

இதுல கண்ணுக்கும் பங்கு இருக்கு. டியூப்லைட்டை அணைச்ச உடனே எதுவுமே தெரியாது. நம்ம கண்ணோட விழித்திரை இருட்டுக்கு முழுசா பழகுறதுக்கு 20 முதல் 30 நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் பொருள்கள் அரைகுறையாத்தான் தெரியும். நிறம் தெரியாது, ஓரம் தெளிவா இருக்காது. அந்த நேரத்துல கதவுக்குப் பின்னாடி தொங்குற சட்டை ஒரு ஆள் மாதிரி தெரியுறதுல ஆச்சரியம் என்ன? பாதி தகவலை வெச்சு மூளை மீதியை நிரப்புது. குழந்தை அதைப் பூச்சாண்டியை வெச்சு நிரப்புது. அந்தப் பூச்சாண்டியைக் குடுத்தது யாரு? நாமதான்.

அதனால என் முதல் கருத்து இதுதான்: சோறு ஊட்டவும் தூங்க வைக்கவும் இருட்டை வெச்சு மிரட்டுறதை நிறுத்தணும். ரெண்டாவது கருத்து: பயப்படுற குழந்தைக்கு ஒரு சின்ன வெளிச்சம் குடுக்கிறதுல எந்தத் தப்பும் இல்ல.

நம்ம பெரியவங்களுக்கு இது புதுசும் இல்ல. 'விடிவிளக்கு'ன்னு தமிழ்ல வார்த்தையே இருக்கு. விடியுற வரைக்கும் சின்னதா எரியுற விளக்கு. திரியை நல்லா இறக்கி விட்டு மூலையில வெச்சிருப்பாங்க. அப்புறம் வந்தது 'ஜீரோ வாட்' பல்பு. பேர்தான் ஜீரோ. அந்தப் பழைய குண்டு பல்பு எடுத்துக்கிட்டது கிட்டத்தட்ட 15 வாட். ஒரு நாளைக்கு 10 மணி நேரம்னு வெச்சா மாசத்துக்கு 4.5 யூனிட். இப்ப ஒரு சின்ன எல்.ஈ.டி.யை 5 வோல்ட்ல, 10 மில்லி ஆம்பியர்ல எரிச்சா மாசம் முழுக்கச் சேர்த்து 0.015 யூனிட். "கரண்ட் பில் ஏறும்"னு இனிமே யாரும் சொல்ல முடியாது.

"லைட் போட்டுத் தூங்கினா குழந்தைக்குக் கண்ணு கெட்டுடும்"னு சிலர் சொல்வாங்க. இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1999ல 'நேச்சர்' இதழ்ல அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. ரெண்டு வயசுக்கு முன்னாடி ராத்திரி வெளிச்சத்துல தூங்கின குழந்தைகள்ல கிட்டப்பார்வை அதிகம்னு அதுல இருந்துச்சு. உலகம் முழுக்கப் பெற்றோர் பயந்துட்டாங்க. அடுத்த வருஷமே, 2000ல, அதே இதழ்ல வேற ரெண்டு குழுக்கள் அந்தத் தொடர்பு தங்களுக்குக் கிடைக்கலைன்னு எழுதினாங்க. கிட்டப்பார்வை உள்ள பெற்றோர் குழந்தை ரூம்ல விளக்கு வைக்கிறது அதிகம்; கிட்டப்பார்வை பரம்பரையாவும் வரும். ரெண்டு விஷயம் சேர்ந்து வர்றதாலேயே ஒண்ணு இன்னொண்ணுக்குக் காரணம் ஆயிடாது. ஸ்டாடிஸ்டிக்ஸ் கிளாஸ்ல தூங்காதவங்களுக்கு இது புரியும்.

ஆனா எந்த விளக்கா இருந்தாலும் சரின்னு நான் சொல்லல. நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் ராத்திரிக்கு ஆகாது. தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்கிறதை அதிகமா தடுக்கிறது சுமார் 480 நானோமீட்டர் பக்கத்துல இருக்கிற நீல ஒளிதான். அதனால மஞ்சள் கலந்த ஆரஞ்சு இல்லன்னா சிவப்பு நல்லது. வெளிச்சம் குறைவா இருக்கணும், கண்ணுக்கு நேரா இருக்கக் கூடாது. தரைக்குப் பக்கத்துல, பாத்ரூம் போற வழி தெரியுற மாதிரி வெச்சா போதும்.

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம், இதைக்கூடக் கடையில வாங்கணுமா? ஒரு ஆரஞ்சு எல்.ஈ.டி., 330 ஓம் ரெசிஸ்டர், பிசி547 டிரான்சிஸ்டர், ஒரு எல்.டி.ஆர்., 100 கிலோ ஓம் ரெசிஸ்டர். இருட்டினா தானா எரியும், விடிஞ்சா தானா அணையும். எல்.ஈ.டி. வெளிச்சம் எல்.டி.ஆர். மேல படாம மறைச்சுடுங்க. இல்லன்னா விட்டு விட்டு எரியும். பவருக்கு நல்ல 5 வோல்ட் போன் சார்ஜர் போதும். நெட்டுல பார்த்துட்டு 230 வோல்ட்ல நேரா கெபாசிட்டர் போட்டு இறக்குற சர்க்யூட்டைப் பண்ணிடாதீங்க. அதுல மெயின்ஸ்ல இருந்து பிரிப்பே கிடையாது, குழந்தை கை வெச்சா ஷாக்தான். பட்டன் பேட்டரி போட்ட பொம்மை விளக்கா இருந்தா மூடி ஸ்க்ரூ போட்டதான்னு பாருங்க. முழுங்கினா அந்த பேட்டரி உணவுக்குழாயையே அரிச்சுடும்.

இதெல்லாம் கேட்டுட்டு எங்க பாட்டி ஒண்ணு சொன்னாங்க. "இப்படிப் பழக்கிட்டா, அப்புறம் விளக்கு இல்லாம தூங்கவே மாட்டா." நியாயமான கேள்விதான். பதில் நம்ம சர்க்யூட்லயே இருக்கு. சில வாரம் கழிச்சு 330 ஓமை எடுத்துட்டு 1 கிலோ ஓம் போடுங்க. அப்புறம் 3.3 கிலோ ஓம். வெளிச்சம் படிப்படியா குறையும், குழந்தை படிப்படியா பழகும். குழந்தைக்குச் சொல்லாம திருட்டுத்தனமா குறைக்காதீங்க. "இன்னிக்குக் கொஞ்சம் கம்மி பண்ணலாமா?"ன்னு கேட்டுட்டுப் பண்ணுங்க. பகல்லயே அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் எல்லா மூலையையும் காட்டுங்க. கரண்ட் போனா சுவத்துல கை நிழல்ல மானும் நாயும் பண்ணிக் காட்டுங்க. விளக்கு பாதி வேலையைத்தான் செய்யும். மீதி நாம கூட இருக்கிறதுலதான் இருக்கு. இவ்வளவும் பண்ணியும் மாசக்கணக்குல பயம் குறையாம தூக்கமே கெட்டுப்போனா, குழந்தை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

நான் அவகிட்ட முதல்ல பண்ணது சால்டரிங் இல்ல. "பூச்சாண்டின்னு யாருமே இல்ல பாப்பா, மாமா பொய் சொன்னேன், தப்பு"ன்னு ஒத்துக்கிட்டேன். ரொம்ப நேரம் என்னைப் பார்த்துட்டு, "அப்ப ஏன் சொன்ன?"ன்னு கேட்டா. என்கிட்ட பதில் இல்ல. அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து விளக்கு பண்ணோம், அவதான் டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டினா. நாலாவது நாள் ராத்திரி, "மாமா, நான் போறேன்... மாமா, நான் போயிட்டே இருக்கேன்"னு கத்திக்கிட்டே தனியா பாத்ரூம் போயிட்டு வந்தா. அந்த விளக்கு இப்பவும் எரியுது. இன்னும் 330 ஓம்லதான் இருக்கு. அவசரம் ஒண்ணும் இல்ல.

அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போறப்போ தம்பியோ தங்கையோ அக்கா குழந்தையோ இருட்டைப் பார்த்து உங்க கையைப் பிடிச்சா, சிரிக்காதீங்க. கூடவே நடந்து போங்க.